நீங்க முன்னால போங்க

"நீங்க முன்னால போங்க, சார்."

"மொதலாளி நீங்க நிக்கறப்ப நான் எப்படிங்க? நீங்க போங்க."

கொல்லிமலையின் அந்த மிளகுக் கிடங்குக்கு ஒரே வாசல். அதில் முதலாளி அர்த்தனாரியும், சென்னையிலிருந்து வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி முருகானந்தமும் ஒருவரையொருவர் கும்பிட்டபடி நின்றார்கள். வேலையாட்கள் பின்னால் கைகட்டி வரிசையில் நின்றார்கள். பெரியவர்களை இடித்துக்கொண்டு ஓட அவர்கள் என்ன வளர்ப்புக் கெட்டவர்களா?

நடந்துகொண்டிருந்தது தீ விபத்து ஒத்திகை. புகை வந்ததும் எல்லோரும் வெளியேற வேண்டும். தேறினால் முருகானந்தம் சான்றிதழ் தருவார். உள்ளே மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் மிளகு கப்பலேறும். அந்தக் கவலையில் அர்த்தனாரிக்குச் சில நாளாகத் தூக்கமே இல்லை.

சற்று முன்புதான் முருகானந்தம் மேடையில் விளாசியிருந்தார். நம் நாட்டில் தொழிற்சாலை விபத்துக்கு இயந்திரத்தைவிட மரியாதைதான் பெரிய காரணம், ஆபத்தைக் கண்ணால் பார்த்தாலும் பெரியவர்கள் முன்னால் சின்னவர்கள் வாய் திறப்பதில்லை என்றார். யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அர்த்தனாரிக்குப் பெருமை பிடிபடவில்லை.

இப்போது புகை கண்ணைக் கரித்தது. ஒத்திகைக்காகக் கிடங்கின் கோடியில் சாம்பிராணி போடச் சொல்லியிருந்தார் அர்த்தனாரி. அந்தப் பொறுப்பு வேலையாட்களிலேயே இளையவளான கோகிலாவுடையது. அந்தப் பெண் கஞ்சத்தனமே பார்க்கவில்லை.

"நெசம் மாதிரியே இருக்குதுங்க" என்று முருகானந்தம் இருமினார்.

"எல்லாம் உங்க ஆசீர்வாதமுங்க."

வாசனைதான் துளியும் இல்லை. சேந்தமங்கலத்துக் கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று அர்த்தனாரி பல்லைக் கடித்தார்.

"ஏனுங்க மொதலாளி..." என்று வரிசைக் கடைசியிலிருந்து கோகிலா குரல் கொடுத்தாள்.

மேஸ்திரி வெங்கிடுசாமி திரும்பி முறைத்தார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே என்ன பேச்சு என்று அதட்டினார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒருவழியாகப் பெரியவர்கள் இருவரும் கைகோத்து ஒன்றாகவே வாசல் தாண்டினார்கள். வயது வரிசைப்படி மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லாத இப்படியொரு ஒத்திகையைத் தான் பார்த்ததே இல்லை என்று முருகானந்தம் அங்கேயே சான்றிதழை நீட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அர்த்தனாரி மனம் குளிர்ந்து கோகிலாவைக் கூப்பிட்டார்.

"இப்பச் சொல்லு கண்ணு, என்ன சேதி?"

"நான் இன்னும் சாம்பிராணிப் பொட்டலத்தப் பிரிக்கவே இல்லீங்க."