முதல் றெஜினா

"என்ரை பிள்ளைக்குப் போர்த்தாமல் ஒரு பொன்னாடையும் இந்த மேடையிலை விரியாது, சொல்லிப்போட்டன்!"

அற்புதராணி மேடைப் படிக்குக் குறுக்கே நின்றார். குருநகர் மண்டபம் நிறையச் சனம். பொன்னாடைத் தட்டோடு வந்தவர் அப்படியே பின்வாங்கினார்.

மேடையில் நான்கு பெண்கள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் இருந்தார்கள். டொக்டர் றெஜினா, சட்டத்தரணி றெஜினா, வங்கி முகாமையாளர் றெஜினா, உதைபந்தாட்ட நடுவர் றெஜினா. ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வயது, ஒரே பெயர். ஊருக்குப் பெருமை சேர்த்ததற்காக நால்வருக்கும் ஒரே நாளில் பாராட்டு விழா. பொன்னாடை போர்த்தாவிட்டால் யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் படித்த படிப்புச் செமிக்காது.

பங்குத் தந்தை ஊருக்குப் புதியவர், பாவம். "றெஜினா என்றால் அரசி. விண்ணக அரசியாம் மரியன்னையே இந்தப் பெயரை நமது நான்கு குடும்பங்களுக்கும் அருளியிருக்கிறார்" என்று வரவேற்புரையில் உருகியிருந்தார். பின்வரிசைக் கிழவிகள் இரண்டு பேர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அவர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

யாரை முதலில் அழைப்பது என்பதில்தான் வந்தது வினை. உயிரைக் காப்பாற்றும் டொக்டரே பெரிது என்றார் அற்புதராணி.

"டொக்டர் பிழை விட்டாலும் கோட்டுக்குத்தானே வரவேணும்?" என்று கேட்டார் சட்டத்தரணியின் தாய் பிலோமினா.

"சரி, உத்தியோகத்தை விடுங்கோ" என்றார் அற்புதராணி. "பேர் ஆருக்கு முதல் வைச்சதெண்டு பாப்பம். என்ரை மூத்தவளுக்குத்தான் முதல் வைச்சது. மற்றவையெல்லாம் பாத்துக் கொப்பியடிச்சவை!"

"ஆரடி கொப்பியடிச்சது? என்ரை மனுசனுக்கு மாதா கனவிலை வந்து சொன்னவ!"

"என்ரை மனுசனுக்கும் மாதாதான் சொன்னவ! ஜெசிதா எண்டு வைப்பமெண்டு நான் அழுதனான். றெஜினாதான் எண்டு மனுசன் ஒற்றைக்காலிலை நிண்டவர். அண்டையிலையிருந்து என்னையும் பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை. 'றெஜினான்ரை அம்மா, றெஜினான்ரை அம்மா' எண்டு நாள் முழுக்க வாய் ஓயாது. அந்தப் பேரிலை அவ்வளவு பக்தி!"

மற்ற இரண்டு தாய்மாரும் எழும்பி, தங்கள் மனுசன்மாரும் அப்படித்தான் நின்றார்கள் என்று சத்தம் போட்டார்கள்.

அந்த நான்கு தகப்பன்மாரும் முன்வரிசையில் வேர்த்துப்போய் இருந்தார்கள். வலை, படகு, கோயில் பெருநாள் என்று எல்லாவற்றுக்கும் தங்களுக்குள் அடிபடுகிறவர்கள். பிரதம விருந்தினர் விஷயத்தில் மட்டும் ஒரு சொல் மாறவில்லை. கனடாவில் தலைமைத் தாதியாக இருக்கும் திருமதி வின்சன்ற்தான் என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அழைப்பிதழில் அப்படிப் போட்டால் போதும், அதுதான் மரியாதை என்றார் அற்புதராணியின் கணவர் சிமியோன்.

நால்வருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஆனால் ஒரு தலையிலும் நரையில்லை. நேற்றுவரை இருந்தது. "பிள்ளையின்ரை விழாவெண்டு மனுசன் தலைக்கு மை பூசியிருக்கு" என்று காலையில்தான் அற்புதராணி பூரித்துப்போனார்.

"அம்மா, இறங்கி வாங்கோ. எனக்கு வெக்கமாக் கிடக்கு" என்றாள் டொக்டர் மகள்.

"நீ பேசாமல் இரு!"

அற்புதராணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர்காவற்றுறையிலிருந்து வாழ வந்த நாள் தொடக்கம், வந்தவள் என்றுதான் இந்த ஊர் அவரைச் சொன்னது. அவருக்கென்று இங்கே இருந்த ஒரே பெருமை இந்தப் பிள்ளை. அவளும் இன்றைக்கு இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ போவதா?

சிமியோன் எழும்பி வந்தார். "அற்புதம், இஞ்சை வந்து இருமப்பா. சனம் பாக்குது. பாதர், நாலு பிள்ளையளுக்கும் ஒண்டாப் போர்த்துங்கோ, பிரச்சினை முடிஞ்சுது."

"ஓம் ஓம், ஒண்டாப் போர்த்துங்கோ" என்றார்கள் மற்ற மூன்று தகப்பன்மாரும்.

"ஒருத்தருக்கும் போர்த்தக்கூடாது! இண்டைக்கு உண்மை தெரிஞ்சாகவேணும்."

பங்குத் தந்தை செய்வதறியாது பிரதம விருந்தினரைப் பார்த்தார். நரைத்த தலையை நரைத்தபடியே விட்டிருந்த அந்த அம்மா, தொடக்கத்திலிருந்து சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அற்புதராணியும் அவர் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்கள் இந்த ஊரிலை பிறந்து வளந்தவ எண்டு பாதர் சொன்னவர். பொதுவான ஆள். நீங்கள் என்ன சொன்னாலும் நான் கேக்கிறன். இந்த ஊரிலை முதல் றெஜினா ஆர்? சபையிலை சொல்லுங்கோ!"

சிமியோன் மைக் வயர் எங்கே போகிறது என்று அவசரமாகத் தேடினார். மற்ற மூவரும் தங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திருமதி வின்சன்ற் மைக்கைக் கையில் எடுத்தார்.

"இதுக்கு ஏன் தங்கச்சி சண்டை? முதல் றெஜினா நான்தான். என்ன சிமியோன், வீட்டிலை சொல்லேல்லையோ?"