கேட்டால் திறக்கும்

"அந்தக் கோட்டை அழிக்கிறீங்களா, இல்ல நான் கலெக்டர்கிட்ட போகட்டுமா?"

வர்க்கிச்சன் மேசையில் அடித்த அடியில் லின்ஸியின் கட்டன் சாயா தளும்பியது. ஆலப்புழை நீர்வழி வரைபட அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"உட்காருங்க சார். எந்தக் கோடு?"

"என் ரிசார்ட்டுக்குள்ள ஓடற கால்வாய். அப்பன் காலத்துச் சொத்து! ரெண்டு முனையிலும் கேட்டு போட்டுப் பூட்டி வெச்சிருக்கேன். அதைப் போய் ஆம்புலன்ஸ் படகுக்கு வழின்னு காட்டியிருக்கீங்க. நாளைக்கு மீன்காரன் வருவான், அப்புறம் வாத்துக்காரன் வருவான். வெள்ளைக்காரங்க வந்து தங்கற இடம்மா அது!"

புகாரை எழுத்திலும் கொடுத்தார். நகலில் முத்திரை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார்.

லின்ஸி கணினியைத் திறந்தாள். குட்டநாட்டின் படகுத்துறைகளும் ஆஸ்பத்திரிகளும் அதில் புள்ளிகள். புள்ளிகளை இணைக்கும் கோடுகள், கால்வாய்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் இனம் உண்டு. 'பொது' என்றால் படகு போகலாம். 'தனியார்' என்றால் இணைப்பு உண்டு, வழி கிடையாது. ஆம்புலன்ஸ் படகில் இருக்கும் திரை இதைப் பார்த்துத்தான் வழி சொல்லும்.

வர்க்கிச்சனின் கால்வாய் இரண்டிலும் இல்லை. யாரோ அதற்கென்றே மூன்றாவதாக ஓர் இனத்தை உண்டாக்கியிருந்தார்கள்: 'கேட்டால் திறக்கும்.'

யாரோ என்ன, சுகுணன்தான். ஊர் ஊராகப் போய் கால்வாய்களைப் பார்த்து வருவது அவர் வேலை.

"சுகுணேட்டா, இது என்ன கூத்து? இப்படி ஒரு இனம் நம்மகிட்ட இருக்கா?"

"இல்லதான். அதான் உண்டாக்கினேன்."

"யார் அனுமதி கொடுத்தது?"

"மணியன்துருத்துத் தீவுல அவ்வளவு ஜனம் இருக்கு லின்ஸி. இந்த வழியா வந்தா பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி. காயலைச் சுத்திக்கிட்டு வந்தா ஒரு மணி நேரம்."

"நான் கேட்டது அது இல்ல. கேட்டு திறக்கும்னு யார் சொன்னது?"

சுகுணன் ஜன்னல் பக்கம் பார்த்தார். "திறக்கும். அதுக்கு மேல கேக்காத."

பக்கத்து மேசை ரெஞ்சு, லின்ஸியின் காதருகே குனிந்தாள். "சேச்சிக்குத் தெரியாதா? சுகுணேட்டன் முன்னாடி அந்த ரிசார்ட்டுலதான் படகு ஓட்டினார். சண்டை போட்டுக்கிட்டு வெளிய வந்தவர்."

லின்ஸிக்குச் சுருக்கென்றது. அப்படியா சங்கதி!

"உங்க பழைய பகையைத் தீர்த்துக்க அரசாங்க வரைபடம்தான் கிடைச்சுதா சுகுணேட்டா?"

அவர் முகம் சுண்டிப் போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

லின்ஸி அந்தக் கோட்டைத் 'தனியார்' ஆக்கினாள். மூன்றாவது இனத்தையும் அடியோடு எடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் பேப்பரில் படத்தோடு செய்தி வந்தது. மணியன்துருத்தைச் சேர்ந்த ஷைனிக்குக் கொட்டும் மழையில், நடுக்காயலில், ஆம்புலன்ஸ் படகிலேயே பிரசவம். உடன் போன நர்ஸ் கெட்டிக்காரி. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள்.

நடுக்காயல். அப்படியானால் படகு சுற்று வழியில் போயிருக்கிறது. லின்ஸியால் அதற்கு மேல் படிக்க முடியவில்லை. ஷைனியின் முகத்தை விரலால் மறைத்துக்கொண்டு, ஓரத்துக் கண்ணாடி அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் வர்க்கிச்சன் உள்ளே வந்தார். நன்றி சொல்ல வந்திருப்பார், அதைக் கேட்கிற நிலையில் தான் இல்லையே என்று நினைத்தாள்.

அவர் கதவைச் சாத்தினார். குரல் இறங்கியிருந்தது. கண் சிவந்திருந்தது.

"அந்தக் கோட்டை எவன் அழிச்சது?"

"சார்... நீங்கதானே புகார்..."

"கொடுத்தேன். அதுக்காக அழிச்சிடறதா? தீவுலேர்ந்து போன் வந்ததும் ரெண்டு கேட்டையும் திறந்து வெச்சுட்டு, மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கறேன். என் கண்ணெதிர படகு அந்தப் பக்கம் வளைஞ்சு போகுது. கூவினேன், கையை ஆட்டினேன். இன்ஜின் சத்தத்துல ஒருத்தனுக்கும் கேக்கல."

லின்ஸி பேப்பரை மடித்து வைத்தாள். "அப்ப சுகுணேட்டன்கிட்ட..."

"கேட்டா திறக்கறேன்னு நான்தான் சொன்னேன். வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு மாதா பேர்ல சத்தியமும் வாங்கினேன். எங்களுக்குள்ள ஆயிரம் சண்டை இருக்கும், அதுக்காகச் சொன்ன சொல்லைக் காப்பாத்த மாட்டானா?"

"இவ்வளவு நல்ல காரியத்தை வெளிப்படையாவே செய்யலாமே சார்!"

"சொத்து என் ஒருத்தன் பேர்ல இல்ல மோளே. மஸ்கட்டுல தம்பிங்க ரெண்டு பேர் பங்காளிங்க. நான் சம்மதிச்சேன்னு தெரிஞ்சா மறுநாளே கோர்ட்டு, தடை உத்தரவு. அப்புறம் அந்தக் கேட்டு ஒரு உயிருக்கும் திறக்காது. அண்ணன் எதிர்த்துக்கிட்டேதான் இருக்கான்னு அவங்க நம்பற வரைக்கும்தான் வண்டி ஓடும்."

கண்ணாடிக்கு அப்பால் சுகுணன் தலை நிமிராமல் ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று லின்ஸிக்குத் தெரியவில்லை. முதலில் அங்கிருந்த கணினியின் பக்கம் திரும்பினாள். எடுத்துவிட்ட இனத்தை அதே பெயரில் மறுபடி சேர்த்து, அந்தக் கோட்டை அதில் போட்டாள்.

"போட்டுட்டேன் சார். இனிமே நீங்க புகார் எதுவும் கொடுக்காம இருந்தா..."

"அதெப்படி? அடுத்த மாசமும் வருவேன், இதைவிடச் சத்தமாத் திட்டுவேன்" என்று எழுந்தார் வர்க்கிச்சன். "புகார் கொடுக்கறது என் பாடு மோளே. அதைக் காதுல போட்டுக்காம இருக்கறது உங்க பாடு!"