இலை இல்லாத செடி

தேர்வு அலுவலகத்தின் மறுமதிப்பீட்டு அதிகாரி பதறிப்போனார். மறுமதிப்பீடு கேட்டு வந்த அம்மாள் ஒருத்தி பூந்தொட்டியைத் தொப்பென்று மேசைமேல் வைத்திருந்தாள்.

"என்னம்மா இது?"

"கள்ளிச்செடி சார். செடி வெயிலை வச்சு எந்த இடத்துல சாப்பாடு தயாரிக்குதுன்னு கேள்வி. 'பச்சையா இருக்கிற இடத்துல எல்லாம்'னு எழுதினதைத் தப்புன்னு அடிச்சிருக்கீங்க. ஒரு மார்க்குல ஃபெயில்!"

"விடைக்குறிப்புல 'இலை'ன்னுதாம்மா இருக்கு."

"இதுல ஒரு இலையைக் காட்டுங்க பார்ப்போம்."

அதிகாரி தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "முள்ளுதாம்மா இதுக்கு இலை."

"முள்ளு பச்சையாவா இருக்கு? தண்டுதான் சார் சமைக்குது. இல்லேன்னா மூணு வருஷமா இது பட்டினியாவா கிடக்குது?"

"பிள்ளைக்காக இப்படி மல்லுக்கு நிக்காதீங்க. அடுத்த தடவை எழுதிக்கலாம்."

"சரியா எழுதினதை எதுக்கு சார் திரும்ப எழுதணும்?"

அதிகாரி பெருமூச்சுடன் சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு மார்க் சேர்த்தார்.

"பாஸ், போதுமா? நாளைக்கு உங்க பிள்ளையை வரச் சொல்லுங்க. கையெழுத்து வாங்கணும்."

"அவன் எதுக்கு? அவன் படிச்சு முடிச்சு வேலைக்கே போயிட்டான்."

கையில் ஒட்டியிருந்த தொட்டி மண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் படம் ஒட்டிய ஹால் டிக்கெட்டை நீட்டினாள்.

"பேனாவை இப்படிக் கொடுங்க சார்."