வீட்டில் வசிக்கும் ஆண்கள்

சட்டை இன்றும் ஈரமாக இருந்தது.

அதே நீலக் கட்டம் போட்ட சட்டை. அதே கொடி. சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும்படி, வாசலுக்கு நேராக.

இது மூன்றாவது தடவை. கணக்கெடுக்க வந்த பயிற்சி மாணவி இன்றும் சொல்லாமல் வந்திருந்தாள்.

வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டாள். தொழிலுக்குப் போய்விட்டார் என்றாள் சிவபாக்கியம். முதல் இரண்டு தடவையும் அதையேதான் சொன்னாள். இன்று ஞாயிற்றுக்கிழமை. கரையிலிருந்து ஒரு படகும் கடலில் இறங்கவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. 'வீட்டில் வசிக்கும் ஆண்கள்.'

கிராம அலுவலர் முதல் நாளே எச்சரித்திருந்தார். புது வீடு கொடுக்கிறார்கள் என்றால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் முளைப்பான். தம்பி வீட்டில் ஒரு தடவை, பெண்டாட்டி வீட்டில் ஒரு தடவை. யாரையும் நம்பாதீர்கள்.

அவள் படிப்பது பொது நிர்வாகத்தில் முதுகலை, கடைசிப் பருவம். வெளிநாட்டில் எட்டு வாரக் களப்பயிற்சி. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் வன்னிக் கரைக்கு வந்திருந்தாள். மொழி தெரிந்த இடம், உன்னை ஏமாற்ற முடியாது என்று பேராசிரியர் சொல்லி அனுப்பினார்.

அவளும் நம்பினாள்.

உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு தட்டு. ஒரு பாய். சவரக் கத்தி இல்லை.

சிவபாக்கியம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதையோ எடுத்துப்போக வந்தவளைப் பார்ப்பதுபோல.

மாணவி கொடியருகே போய், சட்டையின் கழுத்துப் பட்டியைத் திருப்பினாள். வியர்வைத் தடமே இல்லை. பொத்தான்கள் எல்லாம் போட்டபடி இருந்தன. சாலைப் பக்கம் மட்டும் வெயிலில் வெளிறியிருந்தது.

யாரும் போடாத சட்டை.

"அவர் செத்து ஏழு வருசம், பிள்ளை," என்றாள் சிவபாக்கியம். "ஊருக்குத் தெரியும். ரோட்டால போறவனுக்குத் தெரியக் கூடாது."

வீட்டுக்குக் கதவு இல்லை. சாக்குத்தான் தொங்கியது.

நாகப்பட்டினத்தில், தன் அப்பாவை அலை கொண்டுபோன பிறகு, அம்மா அவருடைய செருப்பை நான்கு வருடம் வாசலில் வைத்திருந்தாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றி வைப்பாள்.

அதைத் துக்கம் என்றே இவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

பேனாவைத் திறந்தாள். பூச்சியம் என்று எழுதினால் பட்டியலில் முன்வரிசை என்று விளக்கினாள். ஆண் இல்லாத வீடுகளுக்கு முன்னுரிமை. கல் சுவர். ஓட்டுக் கூரை. தாழ்ப்பாள் வைத்த கதவு.

பட்டியலை எங்கே ஒட்டுவீர்கள் என்று கேட்டாள் சிவபாக்கியம்.

கூட்டுறவுக் கடைச் சுவரில், பஸ் நிற்கும் இடத்தில். எல்லா விவரத்தோடும். பதினான்கு நாள் இருக்கும், ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதிப் பெட்டியில் போடலாம். ஒளிவுமறைவு கூடாதென்று அவளே கொடுத்த யோசனை அது. கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

"அப்ப ஒண்டு எண்டே எழுதுங்கோ. வீடு வேண்டாம்."

எதுவும் எழுதாமல் திரும்பினாள்.

சுவர்ப் பட்டியலில் அந்த ஒரு கட்டத்தை விட்டுவிடலாமா என்று கேட்டதும் கிராம அலுவலர் சிரித்தார். மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தது நீங்கள்தானே, மேலிடமும் ஒப்புக்கொண்டுவிட்டது, இனி ஒரு கட்டத்தையும் மறைக்க முடியாது என்றார்.

அலுவலகப் பிரதியில் சிவபாக்கியத்துக்குப் பூச்சியம் போட்டாள். அப்படிப் பூச்சியம் விழுந்த வீடுகள் மொத்தம் பதினொன்று.

சுவர்ப் பிரதியைத் தனியாகத் தட்டச்சு செய்தாள். பதினொன்றுக்கும் ஒன்று என்று போட்டாள். தானே பசை தடவி ஒட்டினாள்.

ஆண் இருக்கிற பதினொரு வீடு ஏன் முன்னால் நிற்கிறது என்று யாராவது ஒருவர் எழுதிப் போட்டால் போதும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சிவபாக்கியத்தின் வீடு போகும். அவளுடைய பட்டமும் போகும்.

தினமும் கடைக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். வாசிக்கிற ஒவ்வொரு முகத்தையும் சந்தேகித்தாள்.

பட்டியலில் நாற்பத்து மூன்றாம் எண்காரர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். தன் பெயரில் நின்றார். பிறகு விரல் திரும்ப மேலே ஏறியது. முதல் பதினொன்றில் மெல்ல நகர்ந்தது. உதடு அசைந்தது.

அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கட ஊரில ஆம்பிளையளுக்குக் குறைவில்லை போல," என்றார்.

பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போனார்.

அன்று பெட்டியில் எதுவும் விழவில்லை. மறுநாளும் இல்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

பதின்மூன்றாம் நாள், பட்டியலில் ஒன்பதாவதாக இருந்த பெண் நேரே அவளிடம் வந்தாள். பதினொன்றில் ஒருத்தி. புருசன் இல்லாதவள். கையில் ஆட்சேபப் படிவம் இருந்தது, இன்னும் நிரப்பாமல்.

மாணவி எழுந்து நின்றாள்.

"பட்டியலில ஒரு பிழை இருக்கு, பிள்ளை." அந்தப் பெண் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்கட வீட்டுக்கு ஒண்டு காணாது. ரெண்டு எண்டு போடுங்கோ."

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் அவளுடைய இரண்டு மகள்மார் நின்றார்கள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில்.

இருவருமே அம்மாவைவிட உயரம்.