எழுபது சதவீதத் தள்ளுபடி

இளைய மருமகள் அன்றும் கனத்த பையோடு படியேறினாள். அதைப் பார்த்ததுமே மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

"இன்னிக்கு என்னடி வேட்டை?" என்று மாமியார் ஆசையாகக் கேட்டாள்.

பையிலிருந்து ஒரு குக்கர் வந்தது. நேற்று போர்வை, முந்தாநாள் சுவர்க்கடிகாரம். தையல் வகுப்புக்குப் போகிற வழியில் ஒரு மலிவு விலைக் கடையை மூடப் போகிறார்களாம், எல்லாம் எழுபது சதவீதத் தள்ளுபடியாம்.

"சாமர்த்தியம்னா இது! நீயும்தான் இருக்கியே, கேட்ட விலையைக் குடுத்துட்டு வந்து நிப்பே" என்று மாமியார் மூத்தவளை இடித்தாள்.

பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டுக்குச் சாமான் வாங்கிப் போடுபவள் மூத்தவள். நேற்று வந்தவளுக்கு இத்தனை பவிசா? இளையவள் முகம் கழுவப் போன நேரம் பார்த்துப் பையைத் துழாவினாள். பில் இல்லை. கள்ளி, கிழித்துப் போட்டிருப்பாள்!

மறுநாள் அவளே கடைக்குப் போனாள். ஒரே தள்ளுமுள்ளு. பின்பக்கக் கிடங்கிலிருந்து பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொட்ட, சனம் அள்ளிக்கொண்டிருந்தது.

அதே குக்கரை எடுத்து, சிவப்பு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினாள். அடியில் பழைய விலை. தள்ளுபடி விலையைவிட அது குறைவு! மூத்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் வீடே கூடியிருக்கும்போது போட்டு உடைத்தாள். "உங்க சமர்த்து மருமக ஏமாந்த கதையைக் கேளுங்க அத்தை!"

மாமியார் முகம் சுண்டிப்போனது. இளையவள் சமையலறைக்குள் போனாள். மூத்தவள் விடுவாளா? பின்னாலேயே போனாள்.

"இனிமேலாவது என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கு."

"நான் எதையும் வாங்கலைக்கா."

"பின்னே, வானத்துலேருந்து விழுந்துச்சா?"

இளையவள் கதவைச் சாத்தினாள். "உங்க கொழுந்தனாருக்கு வேலை போயி மூணு மாசமாச்சு. அத்தைகிட்ட சொல்லிடாதீங்க. கடையில காசு இல்லைன்னு சம்பளத்துக்குப் பதிலா சாமானாக் குடுக்கறாங்க."

"சம்பளமா? யாருக்குடி?"

"அந்த ஸ்டிக்கரை ஒட்டுறதே நான்தான்க்கா."