ஆளில்லாத கோல்

அந்த மைதானத்துக் கோலின் இடது கம்பத்துக்கும் வலது கம்பத்துக்கும் என்றைக்குமே ஆகாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது மேலே கிடக்கும் குறுக்குக் கம்பிதான்.

அன்றைக்குக் கால்பந்து ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடிய ஒரு நிமிடம்தான் பாக்கி. எதிரணியின் கோல் பக்கம் கார்னர் உதை கிடைத்ததும், பயிற்சியாளர் எட்வின் மாஸ்டர் இந்தக் கோலில் நின்ற தன் கோல்கீப்பரையே கோல் அடிக்க முன்னால் போகச் சொல்லிவிட்டார்.

"இந்த ஆளுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? வாசலைத் திறந்து போட்டுட்டு வீட்டுக்காரனை ஊர் சுத்த அனுப்புறாரே," என்றது இடது.

"டிரா ஆகவா இவ்வளவு நேரம் ஓடினாங்க? மாஸ்டர் துணிஞ்சவர்யா," என்றது வலது.

அதற்குள் எதிரணிக்காரன் ஒருவன் ஓங்கி உதைத்த பந்து, மைதானம் முழுக்க உருண்டு ஆளில்லாத கோலைப் பார்த்து வந்தது. பந்து இடது கம்பத்தில் ணங்கென்று மோதி வெளியே போனது. விசிலும் ஊதியாயிற்று.

மூச்சிரைக்க ஓடிவந்த கோல்கீப்பர் இடது கம்பத்தைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். வலதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் இடது ஆரம்பித்தது. "மாஸ்டர் யோசிக்காமலா அனுப்பியிருப்பார்? நான் நிக்கிறேன்ங்கிற தைரியம்யா அவருக்கு."

"தைரியமாவது? சுத்தப் பைத்தியக்காரத்தனம். பந்து ஒரு சாண் உள்ளே தள்ளி வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றது வலது.

குறுக்குக் கம்பி நேற்று வலது காதில் கேட்டதை இன்று இடது காதிலும், இடது காதில் கேட்டதை வலது காதிலும் கேட்டுக்கொண்டு மேலே கிடந்தது.