இன்னும் ஒரு அர்த்தம்

"இதுவும் பத்தாது" என்று அட்டையைத் தள்ளிவைத்தார் பதிப்பாசிரியர்.

அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். இது எட்டாவது அட்டை.

கலைச்சொல் அகராதி அலுவலகத்தில் ஒரு வார்த்தைக்கு எத்தனை அர்த்தமோ, அத்தனை அட்டை. அந்தந்தத் தொழில்காரரிடமே கேட்டு எழுதி, கையெழுத்தும் வாங்கி வர வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆனபோது அவள் தலையில் விழுந்தது 'செல்'. லத்தீனில் 'சின்ன அறை' என்று பிறந்த சொல், ஊர் சுற்றி ஆளுக்கொரு வேஷம் போட்டிருந்தது. ரத்தப் பரிசோதனைக்காரருக்கு அது உடம்பில் இருந்தது. சிறைக் காவலருக்குக் கைதியை அடைக்கும் இடம். கடிகாரம் ரிப்பேர் செய்பவர் சட்டைப் பொத்தான் அளவில் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கம்ப்யூட்டர் டீச்சர் திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டார். கைபேசிக் கடைக்காரர் சிரித்தே விட்டார். ஐந்து அட்டையும் முதல் மாதமே தயார்.

அப்புறம்தான் பிடித்தது சனி. ஆறு, ஏழு என்று எத்தனை கொடுத்தாலும் பத்தவில்லை, இன்று எட்டு.

"தேனீ வளர்க்கிறவரைப் பார்த்தீங்களா?"

"இல்ல சார்."

"பாருங்க. அவசரமில்ல."

சொல்பவர் யார்? நாளைக்குப் பத்து வார்த்தையை இரண்டிரண்டு வரியாக நறுக்கித் தள்ளி, ஆபீசில் 'கத்தரிக்கோல்' என்று பெயரெடுத்தவர். அவளிடம் மட்டும் இந்த அழிச்சாட்டியம்.

ஏணியிலிருந்து விழுந்த பெயின்டர் கணவன் வீட்டில் படுத்த படுக்கை. இடுப்பில் ஆபரேஷன் செய்தால் நடப்பான். ஒரு வருஷம் முடித்தால் அவள் வேலை நிரந்தரம், குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடும் உண்டு. இன்னும் மூன்றே வாரம். அவசரப்பட்டு முன்பே கொடுத்த காப்பீட்டு மனுவை டிராயரில் போட்டுப் பூட்டியவரும் இவர்தான்.

அன்று கதவருகே நின்றவள் காதில் அவர் இயக்குநரிடம் போனில் பேசியது விழுந்தது.

"அந்த ஒரு வார்த்தையாலதான் அகராதித் தொகுதியே நிக்குது சார். ஆமா சார், ஒத்துக்கறேன். ஆனா இன்னும் முடியல."

 நேரே டைப்பிஸ்ட் அக்காவிடம் போனாள்.

"என்னை வீட்டுக்கு அனுப்ப ஆதாரம் சேர்க்கறாருக்கா."

அக்கா நிமிரவே இல்லை. "பேசாம தேனீக்காரரைப் போய்ப் பாரு."

பார்த்தாள். கன்னத்தில் கொட்டு வாங்கியதுதான் மிச்சம், அட்டை ஒன்பது. பிறகு கூரையில் சூரிய மின்தகடு பொருத்துபவர். பிறகு கட்சி அலுவலகத்தின் மகளிர் செல். பதினொன்று.

வருஷம் முடிந்த மறுநாள் காலை அவர் கூப்பிட்டார். பயந்துகொண்டே போனாள்.

பதினொரு அட்டையையும் படிக்காமலே 'முடிந்தது' என்று கிறுக்கினார். டிராயரைத் திறந்து அவள் மனுவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நேத்தோட வருஷம் முடிஞ்சுது. வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் தேதி வாங்கிடும்மா."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. வெளியே வந்து அக்காவின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"தப்பிச்சேன்க்கா. ஆனாலும் மனுஷன் நாலு மாசம் என்னைப் படுத்தி எடுத்துட்டாரே."

"உன் வேலை ஆர்டரை முழுசாப் படிச்சியா?"

"சம்பளம் மட்டும் பார்த்தேன்."

"அதுக்குக் கீழே இருக்கு. ஒரு வருஷத்துக்குள்ள தொகுதி முடிஞ்சா, தற்காலிக ஆளுங்களை அன்னிக்கே அனுப்பிடணும். மத்த வார்த்தையெல்லாம் எப்பவோ முடிஞ்சாச்சு. உன் செல் மட்டும்தான் பாக்கி."

அக்கா அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். 'செல்', அழகாக டைப் அடித்த பக்கம். தேனீ, தகடு, கட்சி எதுவும் அதில் இல்லை. முதல் ஐந்து அர்த்தம் மட்டும். அடியில் கத்தரிக்கோலின் கையெழுத்து, நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி.

ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: 'நான் சொல்லும்வரை அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.'